ஒரே இழுப்பில் பிரிய வேண்டும்... உயிர் காக்கும் கதீட்டருக்குள் ஒரு சங்கிலித் தையல்!

அரிசி மூட்டையைப் பிரிக்கும்போது கவனித்திருப்பீர்கள். சரியான நூல் முனை கையில் சிக்கிவிட்டால் போதும். ஒரே இழுப்பு... சர்ர்ருன்னு மொத்தத் தையலும் கழன்று கையோடு வந்துவிடும். அதே நூலைத் தப்பான முனையிலிருந்து இழுத்துப் பாருங்கள். நாலு இஞ்ச் கூட வராது. இழுக்க இழுக்க இறுகும். கடைசியில் கத்தரிக்கோலைத் தேடி ஓட வேண்டியதுதான்.

ஆரி ஒர்க் பழகியவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். பிளவுஸ் கையில் வரிவரியாகச் சங்கிலித் தையல் போட்டு முடித்தபின், கடைசிக் கண்ணியில் முடிச்சுப் போட மறந்தால் அவ்வளவுதான். நூல் எதிலாவது மாட்டி இழுபட்டால், அரை நாள் வேலை அரை நிமிடத்தில் காலி!

மூட்டைக்கு வசதியாகவும் பிளவுஸுக்குத் தொல்லையாகவும் இருக்கிற இந்தக் குணத்தை நம்பி, ஒரு மருத்துவக் கருவி மனித உடலுக்குள் போகிறது. தொடை இடுக்கில் நுழைந்து, உடலின் மிகப் பெரிய ரத்தக்குழாயை அடைந்து, அங்கே டாக்டர் ஒரு நூலை இழுக்க, தையல் பிரிந்து, சுருண்டிருந்த செயற்கைக் குழாய் விரிகிறது. அந்தத் தையல் போகிற வழியில் பிரியக்கூடாது. போய்ச் சேர்ந்தபின் பிரியாமலும் இருக்கக்கூடாது. இப்படி ஒரு தையலை எப்படித்தான் வடிவமைக்கிறார்கள்? கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

முதலில், பிரச்னை என்ன?

இதயத்திலிருந்து கிளம்பி, மார்பு வழியாக வயிறு வரை இறங்குகிறது அயோர்ட்டா எனப்படும் பெருந்தமனி. வயிற்றுப் பகுதியில் இதன் அகலம் சுமார் 2 செ.மீ. வயது, புகைப்பழக்கம், உயர் ரத்த அழுத்தம், பரம்பரை எனப் பல காரணங்களால் சிலருக்கு இதன் சுவர் பலவீனமாகி, பழைய சைக்கிள் டியூப் ஒரு இடத்தில் மட்டும் புடைத்துக்கொள்வது போல வீங்கும். இதற்கு அனியூரிசம் என்று பெயர். வயிற்றுப் பகுதியில் 3 செ.மீ-ஐத் தாண்டினால் அனியூரிசம் என்கிறார்கள். பொதுவாக ஆண்களுக்கு 5.5 செ.மீ, பெண்களுக்கு 5 செ.மீ அளவை எட்டும்போது சிகிச்சை பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள்.

இதில் பயமுறுத்தும் விஷயம், பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது என்பதுதான். வலிக்காது. தெரியாது. ஆனால், வெடித்தால் உடலுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். அப்படி வெடித்தவர்களில் பெரும்பாலானோரைக் காப்பாற்ற முடிவதில்லை.

விஞ்ஞானி ஆல்பர்ட் ஐன்ஸ்டீனின் உயிரைப் பறித்ததும் இதே பிரச்னைதான். 1948-ல் நியூயார்க்கில் அவருக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் ருடால்ஃப் நிஸன், வீங்கிய ரத்தக்குழாயைச் சுற்றி செலோஃபேன் தாளைச் சுற்றினார். ஆம், பரிசுக் கூடைகளைச் சுற்றி வைப்பார்களே, அதே வகைக் கண்ணாடித்தாள்தான்! அந்தத் தாளின் உறுத்தலால் சுற்றிலும் தழும்புத் திசு வளர்ந்து சுவர் கெட்டிப்படும் என்பது அன்றைய கணக்கு. அதற்குப் பிறகு ஐன்ஸ்டீன் ஆறு ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். 1955 ஏப்ரலில் அது வெடித்தது. மறுபடி அறுவை சிகிச்சை வேண்டாமென்று அவரே மறுத்துவிட்டார்.

மனைவியின் தையல் மெஷினில் தைத்த ரத்தக்குழாய்

சுவர் பலவீனமாகிவிட்டால், உள்ளே புதுக் குழாய் வைத்தால் என்ன? இந்த யோசனைக்கு உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர அறுவை சிகிச்சை நிபுணர் மைக்கேல் டிபேக்கி. சின்ன வயதில் அம்மாவிடம் தையல் கற்றவர். 1950-களில் நைலான் துணி வாங்க ஒரு கடைக்குப் போயிருக்கிறார். நைலான் தீர்ந்துவிட்டதால், புதிதாக வந்திருந்த டேக்ரான் துணியைக் கொடுத்திருக்கிறார்கள். டேக்ரான் என்பது நாம் உடுத்துகிற பாலியஸ்டர் குடும்பம்தான். வீட்டுக்கு வந்து மனைவியின் தையல் மெஷினிலேயே அதைக் குழாயாகத் தைத்தார் டிபேக்கி. செயற்கை ரத்தக்குழாய்களின் வரலாற்றில் அந்தத் தையலுக்குப் பெரிய இடம் உண்டு.

ஆனால், அதைப் பொருத்த வயிற்றையோ மார்பையோ பெரிதாகத் திறக்க வேண்டும். வயதானவர்கள், இதய நோயாளிகள் பலருக்கு அது தாங்காது. வயிற்றைத் திறக்காமல், காலிலிருந்து ரத்தக்குழாய் வழியாகவே உள்ளே கொண்டுபோகலாமே என்று யோசித்தவர்கள் இரண்டு பேர். 1987-ல் உக்ரைனின் கார்கிவ் நகரில் நிக்கோலாய் வோலோடோஸ் மார்புப் பகுதிப் பெருந்தமனியில் இதைச் செய்தார். 1990 செப்டம்பரில் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் ஹுவான் பரோடி வயிற்றுப் பகுதியில் செய்தார். உலோக வலையோடு துணிக்குழாயைத் தைத்து இணைத்த அந்தக் கருவியைத்தான் இன்று 'ஸ்டென்ட் கிராஃப்ட்' என்கிறோம்.

88 மி.மீ-ஐ 19 மி.மீ-க்குள் அடக்கணும்!

இங்கேதான் கணக்கு உதைக்கும். பெருந்தமனிக்குள் உட்கார வேண்டிய குழாய், உதாரணமாக, 28 மி.மீ அகலம் என்று வையுங்கள். ஆனால், அது நுழைய வேண்டிய தொடை ரத்தக்குழாய் அதைவிடப் பல மடங்கு குறுகல். கதீட்டர்களின் அளவை 'பிரெஞ்ச்' என்ற அலகில் சொல்வார்கள். ஒரு பிரெஞ்ச் என்றால் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. 18 பிரெஞ்ச் வழி என்றால் 6 மி.மீ.

28 மி.மீ குழாயின் சுற்றளவு சுமார் 88 மி.மீ. 6 மி.மீ வழியின் சுற்றளவு சுமார் 19 மி.மீ. அதாவது, விரிந்தால் ஒரு சாண் பாதிக்குக் கிட்ட வருகிற துணியை, ஒரு பென்சிலுக்குள் சுருட்டுவது போன்ற வேலை.

அதிலும், அந்தத் துணியோடு இருக்கிற உலோக வலை சும்மா இருக்காது. நிட்டினால் என்கிற நிக்கல் - டைட்டானியக் கலவையால் ஆன வலை அது. எவ்வளவு நசுக்கினாலும், விட்டவுடன் பழைய உருவத்துக்கே திரும்பத் துடிக்கும். அதனால், அதை யாராவது அடக்கிப் பிடித்தபடியே இருக்க வேண்டும்.

அடக்குவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஒரு வெளிக்குழாய்க்குள் அடைத்து, இடத்துக்குப் போனதும் வெளிக்குழாயைப் பின்னால் இழுப்பது. பல கருவிகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. ஆனால், தலையணை உறையை உருவுவது போல நீளம் முழுக்க உரசல் இருக்கும். இழுக்கக் கூடுதல் விசை வேண்டும். ஒரு முனையிலிருந்து மட்டும்தான் திறக்கவும் முடியும்.

இன்னொன்று, மெல்லிய உறையைச் சுற்றி, அதன் இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைத்துவிடுவது. இடத்துக்குப் போனதும் தையலைப் பிரித்துவிடுவது. அமெரிக்காவின் டபிள்யூ.எல். கோர் நிறுவனம் தன்னுடைய எக்ஸ்க்ளூடர், டேக் ஆகிய ஸ்டென்ட் கிராஃப்ட்களில் இந்த வழியைத்தான் எடுத்தது. வயிற்றுப் பகுதிக்கான எக்ஸ்க்ளூடருக்கு 2002-லும், மார்புப் பகுதிக்கான டேக் கருவிக்கு 2005-லும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ அனுமதி கிடைத்தது.

துணிக்கடையில் தோற்ற தையல்

தைப்பது என்றால் எந்தத் தையல்? நம் வீட்டுத் தையல் மெஷினில் மேலே ஒரு நூல், கீழே பாபினில் ஒரு நூல். இரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். ஒரு இடத்தில் அறுந்தாலும் மற்ற இடங்கள் அசையாது. சட்டைக்கு இதுதான் சரி. கதீட்டருக்கு இது ஆகாது. ஒவ்வொரு தையலாக வெட்ட, உடலுக்குள் கத்தரிக்கோலா கொண்டுபோக முடியும்?

சங்கிலித் தையலில் ஒரே நூல்தான். நூலின் ஒரு வளையத்துக்குள் அடுத்த வளையம், அதற்குள் இன்னொன்று எனப் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வளையத்தையும் அடுத்த வளையம் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடைசி வளையத்தை விடுவித்தால் அதற்கு முந்தையது கழலும், அது கழன்றால் அதற்கும் முந்தையது. தொடங்கிய முனையிலிருந்து இழுத்தால் வளையங்கள் இறுகும். முடித்த முனையிலிருந்து இழுத்தால் எல்லாம் பிரியும். அரிசி மூட்டை ரகசியம் இவ்வளவுதான்.

சுவாரஸ்யம் என்னவென்றால், ஆரம்பகாலத் தையல் மெஷின் ஒன்று சங்கிலித் தையல் மெஷின்தான். 1830-ல் பிரான்ஸைச் சேர்ந்த பார்த்தலெமி திமோனியே என்ற தையல்காரர் காப்புரிமை வாங்கிய மெஷினில், ஆரி ஊசியைப் போலவே கொக்கி முனை கொண்ட ஊசிதான் இருந்தது. பிழைப்பு போய்விடுமோ என்று பயந்த பாரிஸ் தையல்காரர்கள் மறுவருடமே அவருடைய பட்டறைக்குள் புகுந்து மெஷின்களை உடைத்துப்போட்டது தனிக்கதை. ஆனால், துணி உலகில் கடைசியில் கோலோச்சியது 1846-ல் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற இரட்டை நூல் பூட்டுத் தையல் வகைதான். சங்கிலித் தையலின் பெரிய குறை, ஓரிடத்தில் விட்டால் வரிசையாகப் பிரிந்துவிடும் என்பது.

துணிக்கு எது குறையோ, அதுதான் கதீட்டருக்கு வேண்டிய குணம்!

எப்படி டிசைன் செய்கிறார்கள்?

மூட்டை நூல் நடுவில் சிக்கினால் நமக்கு எரிச்சல், அவ்வளவுதான். பெருந்தமனிக்குள் சிக்கினால்? பாதி விரிந்த, பாதி மூடிய குழாய் ரத்த ஓட்டத்தின் நடுவே நிற்கும். வயிற்றைத் திறந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய நிலைகூட வரலாம். ஒரு கணக்குக்கு, 10 செ.மீ உறையில் 2 மி.மீ-க்கு ஒரு தையல் என்றால் 50 வளையங்கள். ஐம்பதும் கழல வேண்டும். 49 கழன்றால் 98 சதவிகித வெற்றி என்று பீற்றிக்கொள்ள முடியாது, அது தோல்விதான். அதனால், ஒவ்வொரு விஷயத்தையும் யோசித்தாக வேண்டும்.

தையல் இடைவெளி: தையல்கள் தள்ளித் தள்ளி இருந்தால், நடுவில் உறை பிளந்து உள்ளிருக்கும் வலை பிதுங்கும். வழியில் ரத்தக்குழாய்ச் சுவரை உரசும். நெருக்கி நெருக்கித் தைத்தால் கழல வேண்டிய வளையங்கள் கூடும், நூலும் கூடும், மொத்தமும் தடிமனாகும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவைப் பிடிக்க வேண்டும்.

நூல்: பருத்தி நூல் போல நார் நாராக இருந்தால், வளையத்துக்கு வளையம் உரசும். அதனால், வழுக்கும் நூல் வேண்டும். கோர் நிறுவனம் பயன்படுத்துவது பி.டி.எஃப்.இ என்ற பொருளின் ஒரு வடிவம். பெயர் புதிதாக இருக்கலாம், பொருள் பழகியதுதான். நான்ஸ்டிக் தவாவின் மேல்பூச்சு, பிளம்பர் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப், இரண்டும் இதே குடும்பம். 1938-ல் ராய் பிளங்கெட் கண்டுபிடித்தது. 1969-ல் பாப் கோர், சூடான பி.டி.எஃப்.இ கம்பியை வெடுக்கென்று இழுத்தபோது, அது அறுந்துபோகாமல் பல மடங்கு நீண்டு, நுண்துளைகளோடு வலுவான பொருளாக மாறியது. ரெயின்கோட் துணியிலிருந்து ரத்தக்குழாய் வரை அது போய்ச் சேர்ந்தது.

ஊசி போகும் பாதை: தைக்கும்போது ஊசி, வளையத்துக்குள் போகாமல் நூலையே குத்திப் பிளந்துவிட்டால், அந்த இடத்தில் நூல் நூலுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பார்வைக்குத் தையல் அழகாகத்தான் இருக்கும். பிரிக்கும்போது அங்கே வந்து நிற்கும். உறையைக் குத்தும் ஊசி, உள்ளே இருக்கும் கிராஃப்டைத் தவறிக்கூடத் தொட்டுவிடக் கூடாது. இதனால்தான் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸுக்கு அடியில் தையலைப் பரிசோதிப்பது இதில் பெரிய வேலை.

இழுவிசை: நூலின் முனை, கதீட்டருக்குள்ளேயே நீளமாக ஓடி டாக்டரின் கையில் இருக்கும் குமிழில் முடிகிறது. ரத்தக்குழாய் நேராக இருக்காது, வளைந்து நெளிந்துதான் போகும். கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு இழுத்துப் பாருங்கள். வளைவு கூடக் கூட உரசல் மளமளவென ஏறும். நூல் இறுகி நின்றால் டாக்டர் கூடுதலாக இழுப்பார். கூடுதலாக இழுத்தால் கருவியே நகரும். வயிற்றுப் பகுதியில் இந்தக் குழாயின் மேல்முனை, சிறுநீரகங்களுக்குப் போகும் ரத்தக்குழாய்களுக்குச் சற்றுக் கீழே உட்கார வேண்டும். சில மில்லிமீட்டர் மேலே ஏறினால் சிறுநீரகத்துக்கு ரத்தம் அடைபடலாம். கீழே இறங்கினால் வீக்கத்துக்குள் ரத்தம் கசியலாம். அதனால் முதல் வளையத்திலிருந்து கடைசி வளையம் வரை, ஒரே சீராக, லேசான இழுப்பிலேயே கழல வேண்டும்.

காத்திருக்கும் காலம்: ஃபேக்டரியில் தைத்த கருவி அன்றே நோயாளிக்குள் போவதில்லை. கிருமிநீக்கம் செய்து, பெட்டியில் அடைத்து, மருத்துவமனை அலமாரியில் மாதக்கணக்கில் இருக்கும். அத்தனை நாளும் உள்ளே அந்த வலை வெளியே வர முட்டிக்கொண்டே இருக்கிறது. நூல் தளரவும் கூடாது, ஒன்றோடொன்று ஒட்டிப்போகவும் கூடாது. பி.டி.எஃப்.இ-க்குக் காமா கதிர்வீச்சு ஆகாது என்பதால் எந்த முறையில் கிருமிநீக்கம் செய்வது என்பதையும் தையல் நூல்தான் தீர்மானிக்கிறது!

எந்தப் பக்கத்திலிருந்து பிரிய வேண்டும்?

இது இன்னொரு சவால். மார்புப் பகுதிப் பெருந்தமனியில் ரத்தம் இதயத்திலிருந்து வந்த வேகத்திலேயே பாயும். அங்கே மேல்முனை மட்டும் முதலில் விரிந்தால் என்ன ஆகும்? காற்றில் பிடித்த குடை போல ரத்தம் அதற்குள் புகுந்து, கருவியையே கீழே தள்ளிவிடும். அதனால் கோர் நிறுவனத்தின் டேக் கருவியில், தையல் நடுவில் பிரியத் தொடங்கி இரண்டு முனைகளையும் நோக்கிப் போகும்படி அமைத்தார்கள். அதன் பிறகு வந்த வடிவத்தில், ஒரே மூச்சில் முழுசாக விரியாமல், முதலில் பாதி அளவுக்கு விரிந்து, டாக்டர் இடத்தைச் சரிபார்த்தபின் முழுசாக விரியும்படி இரண்டு கட்டமாகப் பிரித்தார்கள்.

வெளிக்குழாயை உருவும் முறையில் இப்படி நடுவிலிருந்து திறப்பது நடக்காத காரியம். தையலில் நடக்கும். எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறோம் என்பது தைப்பவர் கையில்தானே இருக்கிறது!

பிரிந்தபின் நூல் கதீட்டரோடு வெளியே வந்துவிடும். உறை? அது கிராஃப்டுக்கும் ரத்தக்குழாய்ச் சுவருக்கும் நடுவில் நசுங்கி, அங்கேயே தங்கிவிடும். அதனால்தான் அதையும் உடல் ஏற்றுக்கொள்கிற பொருளில், அவ்வளவு மெல்லியதாகச் செய்கிறார்கள்.

பிரியவே கூடாத தையலும் உண்டு

கதீட்டர் வழியே போகிற இன்னொரு கருவி, டாவி என்ற முறையில் வைக்கப்படும் இதய வால்வு. 2002 ஏப்ரலில் பிரான்ஸின் ருவான் நகரில் அலென் கிரிபியே முதன்முதலில் இதை ஒரு நோயாளிக்கு வைத்தார். மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் சவ்வு போன்ற திசுவை, உலோகச் சட்டத்தோடு தைத்துச் செய்யும் வால்வு இது. இங்கே தையலுக்கு நேரெதிர் வேலை. ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை இதயம் துடிக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வு திறந்து மூடும். அத்தனைக்கும் அது அசையக்கூடாது. திசு வால்வுகளை ஆய்வகத்தில் 20 கோடி முறை திறந்து மூடிப் பரிசோதிப்பார்கள். இன்றும் இந்த வால்வுகளில் பெரும்பகுதித் தையல், மைக்ராஸ்கோப் அடியில் மனிதக் கைகளால்தான் நடக்கிறது. வழவழப்பான, ஒவ்வொன்றும் ஒவ்வொரு தடிமனில் இருக்கும் திசுவைத் தொட்டு உணர்ந்து தைக்க, பழகிய விரல்களே தேவைப்படுகின்றன.

சரி, நமக்கு இதில் என்ன?

தையல் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், வீக்கம் இருப்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் அது பயன்படும். வயிற்றுப் பகுதி வீக்கத்தைக் கண்டுபிடிக்கச் சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே போதும். வலி கிடையாது, கதிர்வீச்சும் கிடையாது. இங்கிலாந்தில் ஆண்கள் 65 வயதைத் தொடும்போது இந்த ஸ்கேனுக்கு அழைக்கிறார்கள். அமெரிக்காவில், எப்போதாவது புகைபிடித்த வழக்கம் இருந்த 65 முதல் 75 வயது ஆண்களுக்கு ஒருமுறை பார்த்துவிடச் சொல்கிறார்கள். உங்கள் அப்பாவோ தாத்தாவோ இந்த வயதில், பீடி, சிகரெட் பழக்கத்தோடு இருந்தவரா? குடும்பத்தில் யாருக்காவது இந்த வீக்கம் இருந்ததா? அடுத்த முறை பிரஷருக்கு மாத்திரை வாங்கப் போகும்போது, 'இந்த ஸ்கேன் தேவைப்படுமா டாக்டர்?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெண்களுக்கு இது குறைவு, ஆனால் வரவே வராது என்றில்லை.

ஏற்கெனவே வீக்கம் இருப்பது தெரிந்தவருக்குத் திடீரென வயிற்றிலோ முதுகிலோ கடுமையான வலி, தலைச்சுற்றல், மயக்கம் வந்தால், 'வாயுப் பிடிப்பு' என்று கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் உடனே எமர்ஜென்சிக்கு ஓடுங்கள்.

வீட்டில் யாருக்காவது ஸ்டென்ட் கிராஃப்ட் வைக்க முடிவானால் சில கேள்விகளைக் கேட்கத் தயங்காதீர்கள். எங்கள் ரத்தக்குழாயின் வளைவுக்கும் அளவுக்கும் இந்த முறை பொருந்துமா? எந்தக் கருவி, அது எப்படி விரியும்? நடுவில் ஏதாவது சிக்கலானால் உடனே திறந்து அறுவை சிகிச்சை செய்ய இங்கேயே வசதி இருக்கிறதா? அப்புறம், முக்கியமான ஒன்று. கருவி வைத்தாச்சு, இனி கவலையில்லை என்று இருந்துவிட முடியாது. குழாயைச் சுற்றி ரத்தம் கசிகிறதா, குழாய் இடம் நகர்ந்திருக்கிறதா என்று முதல் மாதத்திலும், பிறகு டாக்டர் சொல்கிறபடி வழக்கமாக ஆண்டுக்கு ஒருமுறையும் ஸ்கேன் பார்க்க வேண்டும். 'நல்லாத்தானே இருக்கேன்' என்று அந்தத் தேதியைத் தள்ளிப்போடுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள்.